பயிற்சி முடிந்த மறுநாள்

(பாலக்காட்டிலிருந்து நமது பகுதி நிருபர்)

பாலக்காடு ஜங்ஷனில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊர் நிலவரத்தைத் தனியாக யாரும் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீளுகிற கைகளே சொல்லிவிடும். திங்கட்கிழமை காலையில் "திருப்பூர் ஒண்ணு" என்று கேட்கும் கை பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளையின் கை. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வண்டித்தாவளம் பக்கத்துப் பிள்ளைகள். தோளில் ஒரு பை. அதற்குள் இரண்டு மூன்று ஜோடித் துணி, பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக ஒரு சர்ட்டிபிகேட்.

சில மாதங்களுக்கு முன் அப்படி ஒரு பையன் பணம் எடுக்கும்போது அந்த உறை தவறிக் கவுண்டர் பலகையில் விழுந்தது. மின்சார வயரிங் பயிற்சி, மூன்று மாதம், தேர்ச்சி என்று போட்டிருந்தது.

"வயரிங் வேலைக்கா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்ல சார், பனியன் கம்பெனிக்கு. வயரிங்குக்கு இங்க யாரும் கூப்பிடல" என்றான்.

பின்னால் வரிசை நீண்டிருந்தது. டிக்கெட்டையும் சில்லறையையும் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவன் போய்விட்டான்; அவன் சொன்ன வார்த்தை போகவில்லை.

நம் பகுதியில் இளைஞர்களுக்கு இலவசத் தொழிற்பயிற்சி தருகிற சங்கங்களுக்கும் டிரஸ்டுகளுக்கும் குறைவில்லை. லாபம் கருதாமல், நல்ல மனதோடுதான் நடத்துகிறார்கள். தொடக்க விழா, நிறைவு விழா, குத்துவிளக்கு, சான்றிதழ் வழங்கல் எல்லாம் முறையாக நடக்கின்றன. அந்தச் செய்திகளை நானே எத்தனையோ முறை இந்தப் பக்கத்துக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். ஆனால் நிறைவு விழாவுக்கு மறுநாள் அந்தப் பிள்ளை என்ன செய்தான் என்று ஒரு வரிகூட நான் அனுப்பியதில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மறுநாளைப் பற்றியும் யோசித்த ஒரு இடம் மூணாறில் இருக்கிறது என்று தெரியும். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டேன்.

வேலை போனால் வீடும் போகும்

பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, மறையூர் வழியாக மூணாறு போய்ச் சேர ஒரு பகல் ஆகிவிடுகிறது. ரயில்வேக்காரனுக்கு அந்த ஊரில் ஒரு ஏக்கம் உண்டு. 1908 முதல் அங்கே குறுகிய பாதை ரயில் ஓடியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலைப் பெட்டிகள் ரயிலில் போகும். அங்கிருந்து கம்பிக் கயிற்று வழியில் குரங்கணிப் பக்கம் இறங்கும். 1924-இல் வந்த பெருவெள்ளம் அந்தப் பாதையை வாரிக்கொண்டு போயிற்று. பிறகு யாரும் போடவில்லை. பழைய ஸ்டேஷன் கட்டடம் இன்று தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாக இருக்கிறது.

அந்தத் தேயிலைக்காகத் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்களின் நான்காம், ஐந்தாம் தலைமுறையைத்தான் இன்று அங்கே காண்கிறோம். கொழுந்தும் லயமும் அவர்கள் வாழ்வில் ஒன்றோடொன்று பின்னியவை. லயத்து வீடு சொந்த வீடு அல்ல. வேலையோடு வருவது, வேலையோடு போவது.

பஸ் நிலையத்துக்கு அருகே டீக்கடையில் பேச்சுக் கொடுத்த பெரியவர் ஒருவர் இதை நாலே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். "எங்க அப்பா பொறந்ததும் லயத்துல, நான் பொறந்ததும் லயத்துல தம்பி. நான் ரிட்டயர் ஆகியாச்சு. எம் மவ பேரு பதிஞ்சிருக்கா, அதான் இன்னும் வீட்டுல இருக்கோம். அவ படிச்சது பி.காம்."

"வேறு வேலைக்குப் போகவில்லையா அண்ணாச்சி?" என்றேன்.

"போனா வீடு போயிரும்லா?" என்றார்.

மலையில் ஓர் இளைஞனுக்கு வேலை பார்ப்பது என்பது இப்படிப்பட்ட விஷயம். சமவெளியில் பையனுக்கு வேலை கிடைக்காவிட்டால் வருமானம் குறையும். இங்கே பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதியாவிட்டால், ஓய்வு பெற்ற அப்பாவும் அம்மாவும் சட்டி பானையோடு மலை இறங்க வேண்டும்.

தோட்டக் கூலியும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இருந்ததில்லை. 2015 செப்டம்பரில் மூணாறுப் பெண் தொழிலாளர்கள் "பெம்பிளை ஒருமை" என்ற பெயரில், தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கி வைத்துவிட்டுச் சாலையில் உட்கார்ந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அப்போது அவர்களுடைய நாட்கூலி 232 ரூபாய். போராட்டத்துக்குப் பிறகு அது 301 ஆயிற்று. "எங்கள் பிள்ளைகள் இந்தக் கூடையைச் சுமக்க வேண்டாம்" என்று அந்தத் தாய்மார்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கூடையை இறக்கி வைத்துவிட்டு எதை எடுப்பது?

பிள்ளைக்குக் காது கேட்காது, பேச வராது, புத்தி வளர்ச்சி குறைவு என்றால் அந்தக் கேள்வி இன்னும் கனமாகிறது. அந்தப் பிள்ளையால் கொழுந்து எடுக்க முடியாது; பேர் பதிய முடியாது. தாயும் தகப்பனும் விடிந்தால் மஸ்டருக்குப் போக வேண்டும். "எங்களுக்குப் பிறகு இதை யார் பார்ப்பார்கள்?" என்ற கவலை அந்த லயங்களில் எத்தனையோ இரவுகளின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது.

சிருஷ்டி பிறந்த கதை

அந்தக் கவலைக்கு விடை தேடித்தான் 1991-இல் "சிருஷ்டி" என்ற டிரஸ்ட் மூணாறில் ஆரம்பமானது. தோட்டங்கள் அப்போது டாட்டா டீ நிறுவனத்தின் வசம் இருந்தன. அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த கிருஷ்ணகுமாரின் மனைவி ரத்னா கிருஷ்ணகுமார் இதற்கு வித்திட்டார். முதலில் தொடங்கியது பள்ளி. "டேர்" என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் பள்ளி, தோட்டத் தொழிலாளர்களின் மாற்றுத் திறனாளிப் பிள்ளைகளுக்கானது. தானே குளித்து உடுத்திக்கொள்வது, எண்ணுவது, ஓரிடத்தில் உட்கார்ந்து ஒரு காரியத்தைச் செய்து முடிப்பது என்று ஆரம்பப் பாடங்களிலிருந்து கற்றுக் கொடுத்தார்கள்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். பள்ளி முடிந்த மறுநாள் அவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி எழுந்தது. வெளியில் அவர்களை வேலைக்கு எடுத்துக்கொள்ள மூணாறில் யாரும் காத்திருக்கவில்லை. மற்ற இடங்களில் இந்தக் கட்டத்தில் ஒரு சான்றிதழைக் கொடுத்து வாழ்த்தி அனுப்பிவிடுவார்கள். சிருஷ்டிக்காரர்கள் வேலையையே உண்டாக்கினார்கள்.

இயற்கைச் சாயம் தோய்க்கும் "ஆரண்யா", கையால் காகிதம் செய்யும் "அதுல்யா", ஸ்ட்ராபெர்ரி பயிரிட்டு ஜாம் தயாரிக்கும் "நிசர்கா", ரொட்டியும் கேக்கும் சுடும் "டெலி" என ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்கூடங்கள் வந்தன. பள்ளியில் படித்த பிள்ளைகள் அங்கேயே தொழில் பழகி, அங்கேயே வேலையில் அமர்ந்து, சம்பளம் வாங்குகிறார்கள். வீட்டுக்குப் பாரம் என்று எண்ணப்பட்ட பிள்ளை மாதம் பிறந்தால் அம்மா கையில் பணம் கொண்டுவந்து கொடுப்பது லயத்தில் சாதாரண விஷயமா?

2005-இல் டாட்டா டீ தோட்டங்களை விட்டு விலகியது. தொழிலாளர்களும் அலுவலர்களுமாகப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்குதாரர்களாகச் சேர்ந்த கண்ணன் தேவன் கம்பெனி அவற்றை எடுத்துக்கொண்டது. முதலாளி மாறினாலும் சிருஷ்டி நின்றுவிடவில்லை. டாட்டா குழுமத்தின் ஆதரவோடு தொடர்ந்து நடந்து வருகிறது.

வேலையைப் பிரித்த விதம்

இதில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய சூட்சுமம் ஆரண்யாவின் சாயக் கூடத்தில் இருக்கிறது.

துணிக்கு இயற்கைச் சாயம் ஏற்றுவது ஒரே மூச்சில் நடக்கிற காரியமல்ல. முதலில் துணியைக் கஞ்சி போக வெளுக்க வேண்டும். பிறகு கடுக்காய், படிகாரம் போன்றவற்றில் ஊறவைத்துச் சாயம் பிடிக்கும்படி பக்குவம் செய்ய வேண்டும். சிவப்புக்கு மஞ்சிட்டி, நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்கு மாதுளைத் தோல், பழுப்புக்குத் தேயிலைக் கழிவு என்று ஒவ்வொன்றையும் காய்ச்சி இறக்க வேண்டும். அதன் பின்பே தோய்ப்பது, அலசுவது, நிழலில் உலர்த்துவது எல்லாம். கோலம் வேண்டுமானால் தோய்ப்பதற்கு முன் துணியை மடித்து, நூலால் தைத்து, முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். நம் பக்கத்தில் சுங்குடி கட்டுவது போலத்தான். ஜப்பானியர்கள் இதை "ஷிபோரி" என்கிறார்கள். ஆரண்யா அந்த முறையில் பெயர் வாங்கியிருக்கிறது.

ஒருவரே இத்தனையும் கற்க வேண்டும் என்றால் பலருக்கு வராது. வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துவிட்டால் ஒவ்வொருவருக்கும் ஏற்ற ஒரு படி கிடைத்துவிடுகிறது. காது கேளாத பெண்ணின் கண்ணும் விரலும் நுணுக்கமான முடிச்சுக்கு உதவும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதில் சலிப்படையாத பையனுக்கு நூல் கட்டுவது ஏற்றது. எழுதப் படிக்கத் தெரியாதவர் அலசலாம், உலர்த்தலாம்.

இன்னொரு அனுகூலமும் உண்டு. இயற்கைச் சாயத்தில் ஒரு துணி போல் மறு துணி வராது. ஆலையில் குறை என்று தள்ளப்படுகிற அந்த வித்தியாசமே இங்கே விலை பெறுகிறது. யாருடைய கை வேலையும் ஒரே அச்சாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிள்ளைகளின் குணமறிந்து தேர்ந்தெடுத்த தொழில் இது என்றால் மிகையாகாது. காகிதக் கூடத்திலும் இதே வழிதான். ஊறவைப்பது, அரைப்பது, சல்லடையில் எடுப்பது, அழுத்துவது, உலர்த்துவது என்று படிகள் பல.

உண்மையையும் சொல்ல வேண்டும். சிருஷ்டிக்குப் பின்னால் ஒரு பெரிய நிறுவனத்தின் துணை இருந்தது. சரக்கை விலை கொடுத்து வாங்கும் சுற்றுலாப் பயணிகள் மூணாறுக்கு ஆண்டு முழுவதும் வருகிறார்கள். கொழிஞ்சாம்பாறையில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு இந்த இரண்டும் இல்லை. ஆனால் அவர்களும் ஒன்றைப் பின்பற்றலாம். சிருஷ்டியில் வேலை எது, அதை வாங்குபவர் யார் என்பதை முதலில் யோசித்தார்கள். பயிற்சி அதற்கேற்ப அமைந்தது. நம்மில் பலர் முதலில் பயிற்சியைக் கொடுத்துவிட்டு, வேலையைக் கடவுளிடம் விட்டுவிடுகிறோம்.

பின்தொடர்வதும் பயிற்சியே

பெரிய நிறுவனத்தின் துணை இல்லாதவர்களுக்கும் வழிகாட்டும் இன்னொரு முயற்சி 1982-இல் கர்நாடகத்தில் தொடங்கியது. தர்மஸ்தலத்தின் தர்மாதிகாரி வீரேந்திர ஹெக்டே, தம் ஊருக்கு அருகே உள்ள உஜிரேயில், சிண்டிகேட் வங்கி, கனரா வங்கி இரண்டையும் சேர்த்துக்கொண்டு, வேலையற்ற கிராம இளைஞர்களுக்கு ஒரு பயிற்சி நிலையம் அமைத்தார். "ருட்செட்" என்பது அதன் சுருக்கப் பெயர். தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி அனைத்தும் இலவசம். பயிற்சி சில வாரங்கள்தான். ஆனால் முடித்தவரை அப்படியே விட்டுவிடுவதில்லை. இரண்டு ஆண்டுகள் வரை தொடர்பு வைத்து, தொழில் ஆரம்பித்தாயா, வங்கிக் கடன் கிடைத்ததா, எங்கே தடைப்பட்டது என்று விசாரித்து உதவ வேண்டும் என்பது அவர்கள் ஏற்படுத்திய முறை.

அந்த முறை பலன் தந்ததைக் கண்டு, மாவட்டத்துக்கு ஒன்று வீதம் இதே போன்ற நிலையங்களை வங்கிகள் நடத்த வேண்டும் என்று 2009-இல் மத்திய அரசின் ஊரக வளர்ச்சி அமைச்சகம் திட்டம் வகுத்தது. ஆர்செட்டி என்று சொல்லப்படுபவை இவைதான். பாலக்காட்டில் கனரா வங்கியும் இடுக்கியில் யூனியன் வங்கியும் இதன் பொறுப்பில் உள்ளன. செல்போன் ரிப்பேர், தையல், மாடு வளர்ப்பு, வயரிங், பிளம்பிங் போன்ற தொழில்களைச் சொல்லித் தருகிறார்கள். பதினெட்டு வயது நிரம்பியவர்கள் சேரலாம்.

இங்கே படித்தவர்களில் எத்தனையோ பேருக்கு அந்த இரண்டு ஆண்டு விஷயம் தெரிவதில்லை. சான்றிதழ் கைக்கு வந்ததும் கணக்கு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். கடன் மனு வங்கியில் தூங்கினால், நிலையத்துக்கே திரும்பிப் போய்ச் சொல்லுங்கள். அதைக் கேட்பது பிச்சை அல்ல. அது பயிற்சியின் மிச்சப் பகுதி.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. 1967-இல் பம்பாய் வொர்லியில் ஆலைத் தொழிலாளர்களுக்காக "சிரமிக் வித்யாபீடம்" என்று ஒன்று தொடங்கினார்கள். நாடெங்கும் பரவிய அவ்வகை நிலையங்கள் 2000-இல் "ஜன் சிக்ஷண் சன்ஸ்தான்" என்று பெயர் மாறின. மத்திய அரசின் மானியத்தில் தன்னார்வ அமைப்புகள் இவற்றை நடத்துகின்றன. எழுத்தறிவு இல்லாதவருக்கும், பள்ளியிலிருந்து நின்றுவிட்டவருக்கும் முன்னுரிமை. எட்டாவதோடு நின்ற பிள்ளைக்கு இனி வழியே இல்லை என்று நினைக்கும் பெற்றோர் இதை மனதில் கொள்ள வேண்டும்.

வாசகசாலையின் விளக்கு

கேரளத்தில் நம்மைச் சுற்றியே இருக்கும் ஒரு வசதியை நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை. அதுதான் ஊர் வாசகசாலை. 1945-இல் பி. என். பணிக்கர் 47 நூல்நிலையங்களை ஒன்று சேர்த்துத் தொடங்கிய இயக்கம், இன்று இந்த மாநிலத்தில் வாசகசாலை இல்லாத ஊரே அபூர்வம் என்னும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. பல ஊர்களில் மாலை நேரத்தில் பி.எஸ்.சி. தேர்வுக்கு வகுப்பு நடக்கிறது. வேலையில் சேர்ந்துவிட்டவர்கள், சேர வேண்டியவர்களுக்குக் காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

பத்தாவது மட்டும் தேறிய எனக்கு முதல் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்ததும் ஒரு வாசகசாலைப் பெரியவர்தான். பேனாவை என் கையில் கொடுத்து, "அடுத்ததை நீயே எழுதணும், நான் பார்த்துக்கிட்டு இருப்பேன்" என்றார். பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்ததுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி.

நம் தமிழ்ப் பிள்ளைகள் அந்தப் படி ஏறத் தயங்குவதற்குக் காரணம் மொழி. அங்கே எல்லாம் மலையாளத்தில் நடக்குமே என்ற கூச்சம். அதற்காக நம் உரிமைகளைச் சொல்லிவிடுகிறேன். பாலக்காடு, இடுக்கி போன்ற பகுதிகளின் தமிழர்கள் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம் என்று 1969-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. பி.எஸ்.சி.யின் பத்தாம் வகுப்புத் தரத் தேர்வுகளில் தமிழ் வினாத்தாள் கேட்கலாம். அதை முன்கூட்டியே குறிப்பிட வேண்டும். தமிழ் வழித் தொடக்கப் பள்ளி ஆசிரியர் வேலைக்குத் தனியாகவே அறிவிப்பு வருகிறது. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழை எடுத்தே பட்டம் படிக்கலாம். எங்கள் ரயில்வே தேர்வு வாரியத்தின் தேர்வுகளையும் தமிழில் எழுதலாம். ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகளை ரயில்வே பணிமனைகளில் அப்ரண்டிஸாக எடுக்கிறார்கள்; உதவித்தொகையும் உண்டு.

இதைச் சொன்னதால் மலையாளம் வேண்டாம் என்று யாரும் பொருள் கொள்ளக் கூடாது. தேர்வைத் தமிழில் எழுதலாம். கவுண்டரில் வந்து நிற்பவரிடம் மலையாளத்தில்தான் பேச வேண்டும். இரண்டும் தெரிந்த பிள்ளைக்கு இந்த எல்லைப் பகுதியில் கிராக்கி அதிகம். வாசகசாலைக்குப் போனால் பாடத்தோடு மொழியும் சேர்ந்து வரும்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

இலவசப் பயிற்சி என்று யார் அழைத்தாலும், சேருவதற்கு முன் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

ஒன்று: போன தடவை இங்கே படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? அவர்களில் இரண்டு பேரை நேரில் பார்த்துப் பேச முடியுமா?

இரண்டு: பயிற்சிக் காலத்தில் எத்தனை நாள் வகுப்பறையில், எத்தனை நாள் உண்மையான வேலையிடத்தில்? வயரிங் படித்த பையன் ஒரு வீட்டுக்காவது முழுக்க வயர் இழுத்திருக்க வேண்டும். அவன் கை வேலையைப் பார்த்த நாலு பேர் ஊரில் இருந்தால்தான் ஐந்தாமவர் கூப்பிடுவார்.

மூன்று: முடிந்த பிறகு யாரிடம் வந்து கேட்பது? எத்தனை காலம் கேட்கலாம்?

நல்ல ஸ்தாபனம் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காது. சுளித்தால் வேறு இடம் பாருங்கள்.

நடத்துகிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். ஐம்பது பேருக்குச் சான்றிதழ் கொடுத்து ஐந்து பேரை வேலையில் அமர்த்துவதைவிட, பத்துப் பேரை மட்டும் சேர்த்து, அந்தப் பத்துப் பேரும் தொழிலில் நிற்கும் வரை கூட நிற்பது மேல். விழாப் படத்தில் கூட்டம் குறைவாகத் தெரியும், பரவாயில்லை.

என் பங்குக்கு நானும் ஒரு முடிவு செய்திருக்கிறேன். நிறைவு விழாவுக்கு இனியும் அழையுங்கள், வந்து செய்தி எழுதுகிறேன். ஆறு மாதம் கழித்து மறுபடியும் வருவேன். எத்தனை பேர் எந்த வேலையில் இருக்கிறார்கள் என்று கேட்டு, அதையும் இதே பக்கத்துக்கு அனுப்புவேன்.

திருப்பூர் போன அந்தப் பையனை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. பொங்கலுக்கு வந்திருந்தாலும் நான் இருந்த கவுண்டருக்கு வரவில்லை. இதை அவன் எங்கேயாவது படிக்க நேர்ந்தால் ஒன்று சொல்வேன். அந்தச் சர்ட்டிபிகேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே தம்பி. அடுத்த முறை ஊருக்கு வரும்போது கவுண்டருக்கு வா. என் வீட்டில் பின்கட்டுக்கு இன்னும் வயர் இழுக்கவில்லை. முதல் வீடு அதுவாக இருக்கட்டும்.